அல்பேர் ரோபிடா

அல்பேர் ரோபிடா (மே 14, 1848 – அக்டோபர் 11, 1926) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கேலிச்சித்திர ஓவியர், நூல் ஓவியர், இதழாசிரியர், புதின எழுத்தாளர் ஆவார். ஆல்பர்ட் ரொபிடா எனவும் தமிழில் எழுதப்படுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில்நுட்ப முன்னேற்றத்தைக் கேலிக்குப் பொருளாகக் கொண்டு இவர் வரைந்த படங்களும், அப்படங்களோடு இவரே எழுதி வெளியிட்ட எதிர்காலப் புதினங்களும் இவரது புகழுக்குக் காரணமாயின. வீட்டுச் சுவரில் அமைந்த திரையில் நாடகம் பார்த்தல், தொலைவில் இருப்போரின் முகம் கண்டு உரையாடுதல், வானூர்திகளால் நிறைந்த நகரம், நச்சுவளியும் நுண்ணுயிரும் ஆயுதமாகும் போர் ஆகியவை இவருடைய படங்களில் 1880களிலேயே இடம்பெற்றன. தம் காலத்து வாசகர்களைச் சிரிக்க வைப்பதற்காக இவர் வரைந்தவற்றுள் பல, பின்வந்த தலைமுறையினரின் அன்றாட வாழ்க்கையாகவும் சில அவர்களின் பெருந்துயராகவும் மாறின.

காலப் பின்னணி

தொழில்நுட்பத்தைக் கேலி செய்யும் சித்திரங்கள் ரோபிடாவுக்கு முன்பே ஐரோப்பாவில் வழக்கத்தில் இருந்தன. நீராவிப் பொறி பரவிய காலத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹீத் என்னும் ஓவியர் 1829 ஆம் ஆண்டில் வரைந்த ஒரு படம் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அறிவு வளர்ச்சியின் அணிவகுப்பு என்னும் பொருள்படும் தலைப்புக் கொண்ட அப்படத்தில் நீராவிக் குதிரைகளும் பறக்கும் வண்டிகளும் நிறைந்திருந்தன. காற்று நீக்கப்பட்ட ஒரு பெருங்குழாய் இங்கிலாந்திலிருந்து நேரே வங்காளத்திற்குப் பயணிகளைக் கொண்டு செல்வதாகவும் அதில் காட்டப்பட்டிருந்தது. பிரான்சில் கிரான்வில் என்னும் ஓவியர் 1844 இல் வெளியிட்ட 'மற்றோர் உலகம்' என்னும் நூலில் இயந்திரங்கள் இசைக்கலைஞர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

1876 இல் தொலைபேசியும் 1877 இல் ஒலிப்பதிவுக் கருவியும் அறிமுகமான பின்னர் இக்கேலி புதிய வேகம் பெற்றது. 1878 இன் இறுதியில் இலண்டனின் 'பஞ்ச்' இதழ் வெளியிட்ட ஆண்டுமலரில் ஜார்ஜ் டு மோரியே என்பவர் வரைந்த சித்திரம் ஒன்று இடம்பெற்றது. எடிசன் கண்டுபிடித்ததாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு கருவியின் துணையுடன், இலண்டன் வீட்டில் இருக்கும் பெற்றோர் இலங்கையில் பந்து விளையாடிக்கொண்டிருக்கும் தம் மகளைத் திரையில் கண்டு அவளோடு பேசுவதை அது சித்திரித்தது. இத்தகைய படங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும் நகைச்சுவைகளாகவே இருந்தன. அத்தகைய கருவிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு சமூகம் எவ்வாறு வாழும் என்பதை முழுமையாக வரைந்து காட்டியதே ரோபிடாவின் தனிச்சிறப்பாகும்.

இளமை

ரோபிடா பாரிசுக்கு வடக்கே உள்ள கொம்பியேன் என்னும் ஊரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பழைய கோட்டைகளும் தேவாலயங்களும் நிறைந்த அவ்வூர்ச் சூழல் இவருக்குப் பழங்கட்டடங்களின்மீது நீங்காத ஈடுபாட்டை உண்டாக்கியது. குடும்பத்தினர் இவரை ஆவணப் பதிவு அலுவலராக ஆக்க விரும்பி, அத்தகைய அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்த்தனர். அங்கு இவர் பத்திரம் எழுதுவதை விட்டுவிட்டு, அத்தொழிலையே கேலி செய்யும் படத்தொகுப்பு ஒன்றை வரைந்தார் என்பது இவரது வாழ்க்கை வரலாற்றில் தவறாது இடம்பெறும் செய்தியாகும். ஓவியத்தை இவர் எந்தக் கலைக்கூடத்திலும் முறையாகப் பயின்றவரல்லர். 1866 ஆம் ஆண்டில் பாரிசின் 'ஜூர்னல் அமுசான்' என்னும் நகைச்சுவை இதழில் இவரது படங்கள் வெளிவரத் தொடங்கின.

1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டு, செப்டம்பர் மாதம் முதல் பாரிசு நகரம் முற்றுகையிடப்பட்டது. நகரத்தினுள் இருந்த ரோபிடா தாம் கண்ட காட்சிகளை நாள்தோறும் வரைந்து வைத்தார். உணவுக்காக மக்கள் வரிசையில் நின்றதும், குண்டு விழுந்த தெருக்களும், அதைத் தொடர்ந்து 1871 இல் நடந்த பாரிசு கம்யூன் எழுச்சியும் அப்படங்களில் பதிவாகியுள்ளன. முற்றுகையின்போது அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் கடிதங்களையும் மனிதர்களையும் சுமந்துகொண்டு நகரைவிட்டுப் பறந்து சென்றன. வானவழிப் போக்குவரத்தும் நவீனப் போரும் பின்னர் இவரது படைப்புகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றதை இந்த இளமை அனுபவத்தோடு தொடர்புபடுத்தலாம்.

இதழியல் பணி

போருக்குப் பின்னர் 'லா வீ பாரிசியேன்' முதலிய இதழ்களில் பணியாற்றிய ரோபிடா, வியன்னாவின் 'டேர் ஃப்ளோ' என்னும் நகைச்சுவை இதழுக்கும் படங்கள் வரைந்தார். பயணங்களின்போது பார்த்த பழைய நகரங்களைப் பற்றி எழுதி, தாமே படம் வரைந்து நூல்களாக வெளியிட்டார். இத்தாலி (1878), சுவிட்சர்லாந்து (1879), இசுப்பெயின் (1880) ஆகிய நாடுகளின் தொன்மையான நகரங்கள் பற்றிய நூல்கள் அவ்வாறு வெளிவந்தவை.

1880 சனவரியில் பதிப்பாளர் ஜோர்ஜ் தெக்கோவுடன் இணைந்து 'லா கரிகாத்தூர்' (கேலிச்சித்திரம்) என்னும் வார இதழைத் தொடங்கினார். இப்பெயர் 1830 இல் சார்லஸ் ஃபிலிப்போன் நடத்திய புகழ்பெற்ற அரசியல் கேலி இதழின் பெயராகும். ரோபிடா ஏறத்தாழ 12 ஆண்டுகள் இதன் ஆசிரியராக இருந்தார். பின்னாளில் புகழ்பெற்ற கரான் தாஷ் போன்ற ஓவியர்களும் இவ்விதழில் வரைந்தனர்.

இவ்விதழின் வெற்றிக்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது சட்டத்தைப் பற்றியது. 1881 சூலை 29 ஆம் நாள் இயற்றப்பட்ட பத்திரிகைச் சட்டம், படங்களை வெளியிடுவதற்கு முன் அரசின் அனுமதி பெறவேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கியது. இரண்டாவது அச்சுத் தொழிலைப் பற்றியது. ஃபிர்மேன் ஜில்லோ என்பவரின் பெயரால் வழங்கிய துத்தநாகத் தகட்டு முறையின்படி ஓவியரின் கோட்டுச் சித்திரத்தை அமிலத்தால் அரித்து, எழுத்துகளோடு சேர்த்து ஒரே அச்சுப்பொறியில் அச்சிட முடிந்தது. மரத்தில் செதுக்குபவரின் உழைப்பும் காலமும் மிச்சமாயின. இயந்திர நாகரிகத்தைக் கேலி செய்த ரோபிடாவின் சித்திரங்கள் வாரந்தோறும் மலிவான விலையில் மக்களைச் சென்றடைந்ததற்குப் புதிய அச்சு இயந்திரமே வழிவகுத்தது.

சத்துர்னேன் ஃபரந்தூலின் பயணங்கள்

அக்காலத்தில் ஜூல்ஸ் வேர்ண் எழுதிய அறிவியல் பயணப் புதினங்கள் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தன. அவற்றைக் கேலி செய்து ரோபிடா 1879 இல் 'சத்துர்னேன் ஃபரந்தூலின் மிகமிக வியத்தகு பயணங்கள்' என்னும் நெடிய புதினத்தை வெளியிட்டார். கடலில் தொலைந்து, குரங்குகளால் வளர்க்கப்பட்ட நாயகன் உலகெங்கும் சுற்றுகிறான். வழியில் வேர்ணின் கதைமாந்தராகிய கப்பல் தலைவன் நேமோ முதலியோரையும் சந்திக்கிறான். இப்புதினத்தைத் தழுவி 1913 இல் இத்தாலியில் ஒரு மௌனப் படம் எடுக்கப்பட்டது.

வேர்ணுக்கும் ரோபிடாவுக்கும் உள்ள வேறுபாடு குறிப்பிடத்தக்கது. வேர்ணின் புதினங்களில் பெரும்பாலும் ஓர் அறிஞர் அல்லது வீரர் தனியொரு கருவியைக் கையாண்டு அரிய செயல் புரிகிறார். ரோபிடாவின் உலகில் கருவிகள் அங்காடிப் பொருள்களாகிவிட்டன. அவற்றை வங்கியாளர்களும் மாமியார்களும் மாணவிகளும் சமையற்காரர்களும் பயன்படுத்துகின்றனர், அவை பழுதாகின்றன, கட்டணம் கட்ட வேண்டியுள்ளது, விளம்பரங்கள் தொல்லை தருகின்றன.

இருபதாம் நூற்றாண்டு

1883 இல் வெளிவந்த 'லெ வேன்தியேம் சியேக்ல்' (இருபதாம் நூற்றாண்டு) ரோபிடாவின் தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. கதை 1952 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. கல்வியை முடித்துவிட்டு வரும் எலேன் கொலோப்ரி என்னும் பெற்றோரற்ற பெண், தன் பாதுகாவலரும் பெருவங்கியாளருமான ராஃபாயேல் போந்தோவின் வீட்டில் தங்கி, தனக்கேற்ற தொழிலைத் தேடுகிறாள். வழக்கறிஞர் தொழில், அரசியல், இதழியல் என ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும் அவளோடு சேர்ந்து வாசகரும் எதிர்காலப் பாரிசைச் சுற்றிப் பார்க்கின்றார். இறுதியில் போந்தோவின் மகன் ஃபிலிப்பை அவள் மணக்கிறாள். பசிபிக் பெருங்கடலில் தீவுகளை இணைத்து ஆறாவது கண்டம் ஒன்றை உருவாக்கும் திட்டத்தோடு நூல் நிறைவடைகிறது.

இந்நூலில் இடம்பெறும் கற்பனைகளுள் முக்கியமானவை பின்வருமாறு:

தொலைக்காட்சிப்பேசி: தொலைபேசியோடு பளிங்குத் திரை ஒன்றை இணைத்து அமைத்த கருவி இது. டு மோரியேயின் சித்திரத்தில் வந்த அதே பெயரால் ரோபிடாவும் இதனை அழைக்கிறார். இதன்மூலம் வீட்டில் அமர்ந்தபடியே நாடகமும் இசை நிகழ்ச்சியும் காணலாம், செய்தி அறியலாம், கடைப் பொருள்களைப் பார்வையிடலாம், தொலைவில் உள்ள உறவினருடன் முகம் பார்த்துப் பேசலாம். 1881 இல் பாரிசில் நடந்த பன்னாட்டு மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் ஆதேர் என்பவர் தொலைபேசிக் கம்பி வழியாக ஓபரா இசையைப் பார்வையாளர்கள் கேட்கும்படி செய்திருந்தார். அந்த நிகழ்ச்சியை மேலும் ஓர் அடி நகர்த்திச் சென்றால் என்னவாகும் என்பதே ரோபிடாவின் கற்பனை. ஒரு படத்தில் வசதியான குடும்பம் ஒன்று வரவேற்பறையில் அமர்ந்து, தொலைதூரப் பாலைவனத்தில் நடக்கும் போரைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறர் துன்பம் பொழுதுபோக்குக் காட்சியாக மாறிவிடும் என்னும் கவலை அப்படத்தின் நகைச்சுவைக்குள் மறைந்துள்ளது.

வான்போக்குவரத்து: தொடர்வண்டிகள் வழக்கொழிந்து, குழாய்வழி வண்டிகளும் வான்கலங்களும் அவற்றின் இடத்தைப் பெற்றுவிட்டன. வீடுகளின் தலைவாயில் கூரைக்கு மாறிவிட்டது. நோத்ர தாம் பேராலயத்தின் கோபுரங்கள் வானூர்தி நிலையத்தைத் தாங்கி நிற்கின்றன. கம்பத்தின்மேல் அமைந்து, வேண்டிய திசைக்குத் திருப்பிக்கொள்ளக்கூடிய சுழலும் வீடு ஒன்றும் வரையப்பட்டுள்ளது.

குழாய்வழி உணவு: உணவு நிறுவனம் ஒன்று நகரத்தின் வீடுகளுக்குக் குழாய் மூலம் உணவு அனுப்புகிறது. சமையலறைகள் மறைந்துவிட்டன. போந்தோவின் மாளிகையில் குழாய் உடைந்து உணவு வெள்ளமாகப் பாயும் நிகழ்ச்சி நூலின் நகைச்சுவைப் பகுதிகளுள் ஒன்றாகும்.

பெண்களின் நிலை: பெண்கள் வாக்களிக்கின்றனர்; வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் பங்குச்சந்தைத் தரகர்களாகவும் பணியாற்றுகின்றனர். ரோபிடா இதனையும் கேலி கலந்தே வரைந்தார். ஆயினும் அவரது பெண் மாந்தர் திறமை மிக்கவர்களாகவே காட்டப்படுகின்றனர். பிரான்சில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944 இல்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

திட்டமிட்ட புரட்சி: பிரான்சில் அடிக்கடி நிகழ்ந்த அரசியல் புரட்சிகளை எள்ளி, பத்தாண்டுகளுக்கு ஒருமுறை முன்னறிவிப்போடு விழாவாக நடத்தப்படும் புரட்சி ஒன்றையும் இந்நூலில் அவர் சேர்த்துள்ளார்.

இருபதாம் நூற்றாண்டில் போர்

1883 அக்டோபரில் 'லா கரிகாத்தூர்' இதழின் 200 ஆவது எண்ணை ரோபிடா எதிர்காலப் போருக்கென ஒதுக்கினார். இதே பொருளை மாற்றி விரித்து 'லா கேர் ஓ வேன்தியேம் சியேக்ல்' (இருபதாம் நூற்றாண்டில் போர்) என்னும் வண்ணப்பட நூலாக 1887 இல் வெளியிட்டார். 1887 நூலில் போர் நிகழும் ஆண்டு 1945 ஆகும். துலூசு நகரத்து இளைஞன் ஒருவன் பல படைப்பிரிவுகளில் பணியாற்றித் தான் கண்டவற்றைக் கூறுவதாகக் கதை அமைந்துள்ளது.

வான்படைகள், நீர்மூழ்கிக் கப்பல்கள், உருண்டு செல்லும் இரும்புக் கோட்டைகள், நச்சுப் புகை, நோய்க்கிருமிகளைப் பரப்பும் படைப்பிரிவு ஆகியவை இந்நூலில் வருகின்றன. போர் தொடங்குவதற்கான காரணமோ மிக அற்பமானது. நேர்த்தியான சீருடைகளும் சுறுசுறுப்பான கோடுகளும் கொண்ட இப்படங்களை முதலில் பார்ப்பவருக்கு அவை விளையாட்டுப் போலவே தோன்றும். படத்தின் ஓரங்களில் கிடக்கும் உடல்கள் கண்ணில் படும்போதுதான் அதன் பொருள் விளங்கும். வீரம் என்பதற்கு இனி இடமில்லை, வேதியியல் அறிஞரும் பொறியாளருமே தொலைவிலிருந்து கொலை செய்வர் என்னும் கருத்தை இந்நூல் உணர்த்துகிறது.

மின்சார வாழ்க்கை

மூன்றாவது புதினமான 'லா வீ எலெக்ட்ரிக்' (மின்சார வாழ்க்கை) ஓர் அறிவியல் இதழின் இணைப்பாகத் தொடராக வந்து, 1892 இல் நூலாக வெளிவந்தது. கதை நிகழும் காலம் 1955. கட்டுப்பாட்டை மீறிய மின்சாரப் புயல் ஒன்றோடு கதை தொடங்குகிறது. அக்குழப்பத்தில் தொலைக்காட்சிப்பேசியின் இணைப்பு மாறிப்போய், ஜோர்ஜ் லொரிஸ் என்னும் இளைஞன் ஆல்ப்சு மலைப்பகுதியில் வாழும் எஸ்தேல் லகோம்பு என்னும் மாணவியைத் திரையில் காண்கிறான். இருவரிடையே காதல் அரும்புகிறது.

ஜோர்ஜின் தந்தை ஃபிலோக்ஸ் லொரிஸ் நாட்டின் மிகப்பெரிய அறிவியலாளரும் தொழிலதிபரும் ஆவார். திருமணத்தையும் ஆய்வுக்கூடச் சோதனைபோல் கணக்கிட்டு நடத்த விரும்பும் அவர், மகனுக்கு அறிவியல் பட்டம் பெற்ற மணமகளைத் தேடுகிறார். ஒருபுறம் போருக்கான நோய்க்கிருமிகளையும் மறுபுறம் நாட்டு மக்கள் அனைவருக்குமான மருந்தையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் உருவாக்குகிறார். விருந்து ஒன்றின்போது போர்க்கிருமிகள் கசிந்து விருந்தினர் நோயுறுவதும், அதையே தம் மருந்தை விளம்பரப்படுத்தும் வாய்ப்பாக அவர் ஆக்கிக்கொள்வதும் இந்நூலின் கடுமையான கேலிப் பகுதிகளாகும்.

இந்நூலின் மாந்தர் பலர் ஓய்வின்மையால் நரம்புத் தளர்ச்சியுற்று, இளமையிலேயே முதுமை எய்துகின்றனர். அவர்கள் உடல்நலம் பெறுவதற்காகப் பிரித்தானி மாநிலத்தின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. அங்கு மின்சாரத்திற்கும் வானூர்திக்கும் அனுமதியில்லை. குதிரை வண்டியும் பழைய விடுதியும் மட்டுமே உண்டு. ஜோர்ஜும் எஸ்தேலும் தந்தையின் ஆணையை மீறி அங்குச் சென்று தங்குகின்றனர். முன்னைய நூலில் இருந்த குதூகலம் குறைந்து, இயந்திரத்தின் வேகத்துக்கு மனித உடல் ஈடுகொடுக்குமா என்ற கேள்வி இந்நூலில் முதன்மை பெறுகிறது.

நூல்களின் முடிவு

நூல் சேகரிப்பாளரும் எழுத்தாளருமான ஒக்தாவ் உசான் எழுதிய 'நூல்களின் முடிவு' என்னும் கதைக்கு ரோபிடா படங்கள் வரைந்தார். இது 1894 இல் அமெரிக்க இதழ் ஒன்றிலும், 1895 இல் உசானும் ரோபிடாவும் சேர்ந்து வெளியிட்ட கதைத் தொகுப்பிலும் இடம்பெற்றது. அச்சு நூல்கள் மறைந்து, ஒலிப்பதிவு உருளைகளில் கதைகளைக் கேட்டுக்கொண்டே மக்கள் நடப்பதையும் பயணம் செய்வதையும் அப்படங்கள் காட்டுகின்றன. பிற்காலத்து ஒலிநூல்களையும் காதணிக் கேட்பிகளையும் அறிந்தோருக்கு இப்படங்கள் வியப்பளிப்பவை. இவற்றை வரைந்தவர் வாழ்நாள் முழுவதும் அச்சு நூல்களால் வாழ்ந்தவர் என்பதும் கருதத்தக்கது. ரபலே, வில்லோன், பால்சாக் முதலியோரின் படைப்புகளுக்கும் ரோபிடா ஓவியங்கள் வரைந்துள்ளார்.

பழைய பாரிசு

எதிர்காலத்தை வரைந்தவராக அறியப்படும் ரோபிடா, தம் உழைப்பின் பெரும்பகுதியைக் கடந்த காலத்துக்கே செலவிட்டார். நோர்மாந்தி (1890), பிரித்தானி (1891), தூரேன் (1892), புரொவான்சு (1893) ஆகிய பகுதிகளின் பழங்கட்டடங்களைப் பற்றி 'பழைய பிரான்சு' என்னும் வரிசை நூல்களை எழுதி, படங்கள் வரைந்தார். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஓஸ்மான் என்னும் ஆட்சியாளர் பாரிசின் குறுகிய பழைய தெருக்களை இடித்து அகன்ற சாலைகளை அமைத்திருந்தார். அவ்வாறு மறைந்த நகரத்தின்மீது ரோபிடாவுக்கு ஆழ்ந்த பற்று இருந்தது.

1900 ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் அப்பற்றைக் கட்டடங்களாக வடிக்கும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. சேன் ஆற்றின் கரையில் 'பழைய பாரிசு' என்னும் பகுதியை இவர் வடிவமைத்தார். இடைக்கால வீடுகள், கோபுரங்கள், தேவாலயம், கடைத்தெரு ஆகியன அங்கு மீண்டும் எழுப்பப்பட்டன. பழங்கால உடையணிந்த பணியாளர்கள் பார்வையாளர்களை வரவேற்றனர். மின்விளக்குகளாலும் நகரும் நடைபாதையாலும் இருபதாம் நூற்றாண்டை வரவேற்ற அக்கண்காட்சியில், அந்நூற்றாண்டைப் பற்றி முதலிலேயே எழுதிவிட்ட ரோபிடா பழைய நகரத்தைக் காட்ட முன்வந்தார். கண்காட்சி முடிந்ததும் அக்கட்டடங்கள் அகற்றப்பட்டன.

உலகப் போரும் இறுதிக் காலமும்

1902 இல் காலம் பின்னோக்கி ஓடுவதாகக் கற்பனை செய்து 'நூற்றாண்டுகளின் கடிகாரம்' என்னும் புதினத்தை ரோபிடா எழுதினார். 1908 இல் பியேர் ஜிஃபார் எழுதிய 'நரகப் போர்' என்னும் தொடருக்கு வரைந்த படங்களில் வான்கலங்களின் போர் மீண்டும் இடம்பெற்றது.

முதல் உலகப் போர் 1914 இல் தொடங்கியது. 1915 ஏப்ரல் 22 ஆம் நாள் பெல்சியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே செருமானியப் படையினர் குளோரின் வளியைப் பயன்படுத்தினர். 1916 செப்டம்பரில் பிரித்தானியரின் கவச வண்டிகள் முதன்முறையாகக் களமிறங்கின. வான்கலங்கள் நகரங்களின்மீது குண்டு வீசின. ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன் நகைப்புக்காக வரைந்தவை தம் கண்முன்னே உண்மையாவதை ரோபிடா தம் அறுபத்தாறாம் வயதுக்குப் பின் காண நேர்ந்தது.

1919 இல் வெளிவந்த 'பொறியாளர் வொன் சத்தானாசு' என்னும் புதினம் இந்த அனுபவத்தின் விளைவாகும். அறிவியல் போரால் அழிந்த ஐரோப்பாவில் எஞ்சியோர் வளைகளில் பதுங்கி வாழ்வதை அது சித்திரிக்கிறது. முன்னைய படைப்புகளின் மென்மையான கேலி அதில் இல்லை. இயந்திரத்தை வழிநடத்தும் அறிவையே அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. 1925 இல் இளையோருக்காக எழுதிய 'வானில் ஒரு மலைவீடு' இவரது கடைசிக் காலப் படைப்பாகும். பூமியின் மேற்பரப்பு பழுதுபார்க்கப்படும்போது ஒரு குடும்பம் தன் வீட்டோடு வானில் பறந்து செல்வது அதன் கதை.

1926 சனவரியில் ஜான் லோகி பெயர்டு என்பவர் இலண்டனில் தொலைக்காட்சியைச் செயல்படுத்திக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள் ரோபிடா பாரிசை அடுத்த நெய்யி நகரில் தமது 78 ஆவது வயதில் காலமானார்.

கேலியும் முன்னறிவிப்பும்

ரோபிடாவைப் பற்றிய அறிமுகங்கள் பலவும் அவரைத் தொலைக்காட்சியை முன்கூட்டியே கண்டவர் என்று போற்றுகின்றன. இம்மதிப்பீடு அவரது பணியின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது. அவர் கற்பனை செய்தவற்றுள் குழாய்வழி உணவு, சுழலும் வீடு, பத்தாண்டுப் புரட்சி ஆகியன நடைமுறைக்கு வரவில்லை. அவரது கருவிகள் எவ்வாறு இயங்கும் என்ற பொறியியல் விளக்கத்தையும் அவர் மிகுதியாகத் தரவில்லை. கருவி வந்த பிறகு மனிதர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதே அவரது அக்கறையாக இருந்தது. ஓபரா அரங்கிலிருந்து வான்கலத்தில் வீடு திரும்பும் மக்களைக் காட்டும் அவரது புகழ்பெற்ற வண்ணப்படத்தில், சீமாட்டிகள் அன்றைய பாணியிலேயே உடையும் தொப்பியும் அணிந்துள்ளனர். வண்டிக்காகக் காத்திருக்கும் பரபரப்பும் அன்றையதே. ஊர்தி மட்டும் மாறியிருக்கிறது. பொறி மாறினாலும் தற்பெருமையும் அவசரமும் பேராசையும் மாறுவதில்லை என்பதே அவரது கேலியின் உட்பொருள்.

அவரது மறைவுக்குப் பின்னர் ரோபிடாவின் பெயர் பல காலம் பெரிதும் மறக்கப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிபுனை இலக்கிய வரலாற்றை ஆராய்ந்தோர் இவரை மீண்டும் கவனத்துக்குக் கொண்டு வந்தனர். 'இருபதாம் நூற்றாண்டு' புதினத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2004 இல் வெளிவந்தது.

இந்திய, தமிழகச் சூழல்

இந்தியாவில் தொழில்நுட்பம் அயலாட்சியின் வழியாக வந்தமையால், அதைப் பற்றிய கேலியும் வேறு வடிவம் பெற்றது. முதல் பயணிகள் தொடர்வண்டி 1853 ஏப்ரல் 16 இல் பம்பாய்க்கும் தானேக்கும் இடையே ஓடியது. தென்னிந்தியாவில் 1856 சூலை 1 ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. இலண்டன் 'பஞ்ச்' இதழைப் பின்பற்றி 1877 இல் இலக்னோவில் 'அவத் பஞ்ச்' என்னும் உருது இதழ் தொடங்கப்பட்டது. தமிழில் சுப்பிரமணிய பாரதியார் 1906 இல் தொடங்கப்பட்ட 'இந்தியா' வார இதழின் மூலம் கேலிச்சித்திரங்களுக்கு இடமளித்தார். அவை பெரும்பாலும் அரசியலையே பொருளாகக் கொண்டிருந்தன. வங்காளத்தில் ககனேந்திரநாத் தாகூர் 1917 இல் வெளியிட்ட கேலிச்சித்திரத் தொகுப்புகள் மேலைநாட்டு நாகரிகத்தை அப்படியே நகல் செய்த மேல்தட்டினரை எள்ளின.

ரோபிடா கற்பனை செய்த காலக் கணக்கை நம் நிலப்பகுதியோடு ஒப்பிடுவது பயனுள்ளது. அவரது புதினம் நிகழும் 1952 இல் தொடர்வண்டி பழங்கதையாகிவிட்டது. உண்மையான 1952 ஆம் ஆண்டிலோ, திருவட்டாறு, குழித்துறை, நாகர்கோவில் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிக்குத் தொடர்வண்டியே வந்திருக்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1979 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. முன்னேற்றம் எல்லா ஊர்களையும் ஒரே நாளில் சென்றடைவதில்லை. பாரிசு நகரத்து வசதி படைத்த குடும்பங்களையே பெரும்பாலும் வரைந்த ரோபிடாவின் படங்களில் இந்த உண்மை போதிய இடம் பெறவில்லை எனலாம்.

முக்கிய படைப்புகள்

1879 – சத்துர்னேன் ஃபரந்தூலின் மிகமிக வியத்தகு பயணங்கள்
1883 – இருபதாம் நூற்றாண்டு
1887 – இருபதாம் நூற்றாண்டில் போர்
1890–1893 – பழைய பிரான்சு (வரிசை நூல்கள்)
1892 – மின்சார வாழ்க்கை
1895 – நூல் விரும்பிகளுக்கான கதைகள் (ஒக்தாவ் உசானுடன்)
1902 – நூற்றாண்டுகளின் கடிகாரம்
1919 – பொறியாளர் வொன் சத்தானாசு
1925 – வானில் ஒரு மலைவீடு